கேட்பவரின் கதையை யார் கேட்பது?

கொழும்பிலிருந்து புத்தளத்துக்கு வரும் பாதையில், நகரை அடைவதற்குச் சற்று முன்னர் பாலாவிச் சந்தி வருகிறது. அங்கிருந்து இடப்புறமாகப் பிரியும் பாதை கற்பிட்டிக்குப் போகிறது. களப்பும் உப்பளங்களும் கொண்ட இந்தக் கரைக்குத்தான் 1990 ஒக்டோபரின் இறுதியில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்கள் வந்து சேர்ந்தன. வெளியேற்றப்பட்டவர்களின் தொகை ஏறத்தாழ 75,000. தரைவழியாக வந்தோர் பலர். மன்னாரிலிருந்து வள்ளங்களில் கற்பிட்டியில் வந்து இறங்கியோரும் பலர். கிடுகுக் கொட்டில்களாகத் தொடங்கிய முகாம்கள் காலப்போக்கில் குடியிருப்புகளாயின. 2009இல் யுத்தம் முடிந்த பின்னர் ஒரு பகுதியினர் சொந்த இடம் திரும்பினர். இங்கேயே வேரூன்றிவிட்டோரும் இருக்கின்றனர்.

இந்தக் குடியிருப்பு ஒன்றில்தான் எனது தொழிலின் மிகப் பெரிய பாடத்தை நான் கற்றேன். அது நான் செய்த பிழையொன்றிலிருந்து கிடைத்த பாடம்.

அப்போது நான் சமூகப் பணிக்கு வந்து சில மாதங்களே ஆகியிருந்தன. கையில் சமூகவியல் பட்டம் இருந்தது. அதற்கு மேலாக ஐந்து நாள் உளவளத்துணைப் பயிற்சியொன்றின் சான்றிதழும் இருந்தது. பெண்களின் சுயஉதவிக் குழுவொன்றுக்குப் பெயர் பதியச் சென்றபோது, ஐம்பது வயதைத் தாண்டிய ஓர் உம்மா என்னை அழைத்து அமரச் செய்தார். (அவரது சம்மதத்துடனேயே இதனை எழுதுகிறேன். அடையாளம் காட்டக்கூடிய விபரங்களை மாற்றியுள்ளேன்.) வள்ளத்தில் வந்த கதையைச் சொல்லத் தொடங்கினார். மடியில் கைக்குழந்தை. முகாமில் நல்ல தண்ணீர் இல்லை. வயிற்றோட்டம் கண்டு மூன்றாவது கிழமையில் குழந்தை இறந்துபோனது. இருபது வருடங்களுக்கு மேலாக அதை யாரிடமும் முழுமையாகச் சொன்னதில்லை என்றார். சொல்லும்போதே அழத் தொடங்கினார்.

எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. "அழாதீங்க உம்மா. எல்லாம் இறைவன்ட நாட்டம். இருக்கிற பிள்ளைகளப் பாருங்க" என்றேன்.

அவர் உடனே கண்ணைத் துடைத்துக்கொண்டார். தேநீர் ஊற்றித் தந்தார். அதன் பின்னர் எமது கூட்டம் எதற்கும் அவர் வரவில்லை. அன்று மாலை எனது அறிக்கையில் "ஆறுதல் வழங்கப்பட்டது" என்று எழுதினேன். இரவு உறக்கம் வரவில்லை. அடுத்தடுத்த கிழமைகளில் அந்தப் பக்கம் போவதையே தவிர்த்தேன். அடிக்கடி தலையிடியும் வந்தது.

ரீச்சர் கேட்ட கேள்வி

சில மாதங்களின் பின்னர் எமக்கு ஒரு மேற்பார்வையாளர் கிடைத்தார். யாழ்ப்பாணத்தில் ஆசிரிய ஆலோசகராக நீண்டகாலம் பணியாற்றி ஓய்வுபெற்ற பெண்மணி. நாங்கள் அவரை ரீச்சர் என்றே அழைப்போம். மேற்பார்வை என்றதும் நான் பயந்தேன். பதிவேடுகளைப் பார்ப்பார், குறை பிடிப்பார், மேலிடத்துக்கு அறிவிப்பார் என்றே எண்ணினேன். அவரோ பதிவேட்டை மூடி வைத்துவிட்டு, "பிள்ளை, உமக்கு மனதில நிக்கிற ஒரு ஆளைப் பற்றிச் சொல்லும்" என்றார்.

நான் அந்த உம்மாவைப் பற்றிச் சொன்னேன். நான் சொன்ன ஆறுதலையும் சொன்னேன். ரீச்சர் சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பின்னர், "அந்த வசனத்தை நீர் ஆருக்காகச் சொன்னனீர்? அவவுக்காகவோ, உமக்காகவோ?" என்று கேட்டார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. அந்த அழுகையைத் தாங்க முடியாதிருந்தது எனக்குத்தான். அதை நிறுத்துவதற்காகவே இறைவனையும் பிள்ளைகளையும் துணைக்கு அழைத்தேன். இருபது வருடமாக அடைபட்டிருந்த கதவு சற்றே திறந்தபோது, அதை மீண்டும் சாத்தியது நான்தான்.

ரீச்சர் என்னை அழாதே என்று சொல்லவில்லை. நான் அழுது முடியும்வரை காத்திருந்தார். உம்மாவுக்கு நான் செய்திருக்க வேண்டியது இதுவே என்பது அப்போதுதான் புரிந்தது.

மேற்பார்வை என்பது என்ன?

உளவளத்துணைத் துறையில் மேற்பார்வை என்னும் சொல்லுக்குத் தனிப் பொருள் உண்டு. உளவளத்துணையாளர் தாம் சந்திக்கும் துணைநாடிகளைப் பற்றி, தம்மிலும் அனுபவமும் பயிற்சியும் கூடிய ஒருவருடன் ஒழுங்காக உரையாடுவதே அது. துணைநாடியின் பெயரும் முகவரியும் அங்கே தேவையில்லை. என்ன சொல்லப்பட்டது, என்ன செய்யப்பட்டது, அடுத்து என்ன செய்யலாம், கேட்டவரின் மனதில் என்ன நடந்தது என்பனவே பேசப்படும்.

பிரித்தானியாவைச் சேர்ந்த பிரிஜிட் புரொக்டர் என்னும் பெண்மணி, மேற்பார்வைக்கு மூன்று கடமைகள் உண்டு என 1980களில் எடுத்துக் காட்டினார். ஒன்று, துணைநாடிக்குத் தீங்கு நேராமல் ஒழுக்க நெறிகளைக் காப்பது. இரண்டு, உளவளத்துணையாளரின் திறனை வளர்ப்பது. மூன்று, துன்பக் கதைகளைக் கேட்டுக் களைத்த மனதுக்குத் தெம்பூட்டுவது. இம்மூன்றில் ஒன்று குறைந்தாலும் மேற்பார்வை முழுமை பெறாது.

அமெரிக்காவின் ஜனீன் பேர்னாட் 1979இல் வெளியிட்ட கட்டுரையில், மேற்பார்வையாளர் தேவைக்கேற்ப மூன்று வேடம் ஏற்க வேண்டும் என்றார். சில வேளை ஆசிரியராக இருந்து கற்பிப்பார். சில வேளை உளவளத்துணையாளராக இருந்து, பணியாளரின் உணர்வை அவரே விளங்கிக்கொள்ள உதவுவார். சில வேளை சமமாக அமர்ந்து யோசனை கலப்பார். எங்கள் ரீச்சரை நினைத்துப் பார்க்கும்போது இந்த மூன்றையும் நான் காண்கிறேன். "ஆருக்காகச் சொன்னனீர்?" என்று கேட்டபோது அவர் உளவளத்துணையாளர். அழுபவர் அருகில் எப்படி அமர்வது, எவ்வளவு நேரம் மௌனம் காப்பது என்று செய்து காட்டியபோது ஆசிரியர். "இனி அவவிடம் போறதெண்டால் எப்படிப் போகலாம் எண்டு நினைக்கிறீர்?" என்று கேட்டபோது என்னோடு சேர்ந்து யோசிப்பவர்.

மீண்டும் அந்த வீட்டுக்கு

நான் திரும்பவும் போனேன். கையில் படிவம் எதுவும் கொண்டுபோகவில்லை. "உம்மா, அண்டைக்கு உங்களப் பேச விடாமச் செய்திட்டன். எனக்கு அது பெரிய பிழையாத் தெரியுது" என்றேன். அவர் என்னை நெடுநேரம் பார்த்தார். அன்று அவர் எதுவும் சொல்லவில்லை. கோழிக்குத் தீன் போட்டார். நான் உட்கார்ந்திருந்தேன். அடுத்த முறை போனபோது குழந்தையின் பெயரைச் சொன்னார். அடக்கம் செய்த இடத்தைச் சொன்னார். அழுதார். நான் குறுக்கே பேசவில்லை.

மேலும் சில மாதங்கள் சென்ற பின்னர் ஒருநாள் அவரே கேட்டார்: "மகள், எங்கட கதையெல்லாம் கேக்குறீங்க. உங்கட கதைய யாரு கேக்குற?"

"எனக்கு ஒரு ரீச்சர் இருக்கிறா உம்மா."

"அவட கதைய?"

"அவவும் மாதத்துக்கு ஒருக்கா ஒரு டொக்டரோட கதைப்பா."

"அப்ப சரி" என்றார் உம்மா.

எழுதப் படிக்கத் தெரியாத அந்தத் தாய் கேட்ட கேள்வியைத்தான் உலகின் பல்கலைக்கழகங்களும் நூறு வருடமாகக் கேட்டு வருகின்றன.

கலாநிதிப் பட்டம் வரை ஒரு கல்வி

1920இல் ஜேர்மனியின் பேர்லின் நகரில் மக்ஸ் ஐட்டிங்கொன் முதலானோர் உளப்பகுப்பாய்வு மருத்துவ நிலையமொன்றைத் தொடங்கினர். அங்கு பயில்வோர் தாம் பார்க்கும் நோயாளர் பற்றி மூத்தவர் ஒருவருடன் ஒழுங்காகப் பேச வேண்டும் என்ற நடைமுறை உருவானது. அமெரிக்க உளவியலாளர் கார்ல் றொஜர்ஸ் 1940களில் மற்றொரு கதவைத் திறந்தார். துணைநாடியுடனான உரையாடலை ஒலிப்பதிவு செய்து, அதனைப் போட்டுக் கேட்டுப் பயிற்சி அளித்தார். அப்படிப் பதிவான முழு உரையாடல் ஒன்று 1942இல் வெளிவந்த அவரது நூலில் சொல்லுக்குச் சொல் அச்சாகியது. தாம் என்ன சொன்னோம் என நினைப்பதும், உண்மையில் சொன்னதும் ஒன்றல்ல என்பது அப்போதுதான் பலருக்கும் விளங்கியது.

காலப்போக்கில், உளவளத்துணையாளரை உருவாக்குவதும் மேற்பார்வை செய்வதும் தனியொரு கல்வித் துறையாக வளர்ந்தன. 1961இலிருந்து அதற்கெனத் தனி ஆய்விதழ் ஒன்று அமெரிக்காவில் வெளிவருகிறது. பேர்னாட் அம்மையாரின் கட்டுரை வெளியானதும் அதிலேதான். உளவளத்துணைக் கற்கைகளை மதிப்பிட்டு அங்கீகரிக்கும் சபை அங்கே 1981இல் தோன்றியது.

அச்சபையின் விதிகளைச் சற்றுப் பாருங்கள். முதுமாணி நிலையில் பயிலும் மாணவி முதலில் 100 மணித்தியாலம் களப் பயிற்சி பெற வேண்டும். அதில் 40 மணித்தியாலமாவது துணைநாடிகளுடன் நேரில் செலவாக வேண்டும். அதன்பின் 600 மணித்தியாலப் பயிற்சி. அதில் 240 மணித்தியாலம் துணைநாடிகளுடன். இந்தக் காலம் முழுவதும் கிழமைக்குச் சராசரி ஒரு மணித்தியாலம் மேற்பார்வையாளருடன் தனியாகவோ இருவராகவோ அமர வேண்டும். ஒன்றரை மணித்தியாலம் குழுவாக அமர வேண்டும்.

முதுமாணியின் பின்னர் கலாநிதிப் பட்டம் வருகிறது. அதில் ஐந்து பகுதிகள் உள்ளன. உளவளத்துணை, மேற்பார்வை, கற்பித்தல், ஆய்வு, தலைமைத்துவத்துடன் மக்களுக்காகக் குரல் கொடுத்தல் என்பனவே அவை. நன்றாகக் கேட்கத் தெரிந்தவர் எல்லாம் நன்றாகக் கற்பிப்பார் என்றில்லை. பிறர் கேட்பதைப் பார்த்து வழிகாட்டுவது வேறொரு திறன். அதனால்தான் கலாநிதி மாணவியும் தாம் முதுமாணி மாணவிகளை மேற்பார்வை செய்யும் விதத்தைத் தமது பேராசிரியரின் மேற்பார்வைக்கு உட்படுத்துகிறார். உம்மா கேட்ட "அவட கதைய யாரு?" என்ற கேள்விக்கு அங்கே பாடத்திட்டத்திலேயே விடை இருக்கிறது.

எனது ஐந்து நாள் சான்றிதழை இதனுடன் ஒப்பிட்டுப் பார்த்தபோது வெட்கமாக இருந்தது. ஆயினும் குறை எனதாக மட்டும் இருக்கவில்லை என்பதும் விளங்கியது.

எமது மண்ணில்

எமது நாட்டில் இத்துறை வெறுமையாக இருக்கவில்லை. 1974இல் ஜோன் டி மெல் அம்மையார் கொழும்பில் சுமித்ரயோ அமைப்பைத் தொடங்கினார். தற்கொலை எண்ணத்துடன் வருவோரின் மனக்குறையைத் தொண்டர்கள் கேட்கும் இடம் அது. யாழ்ப்பாணத்தில் குண்டுகளுக்கு நடுவே சாந்திகம் என்னும் நிறுவனம் உளவளத்துணை வழங்கியதுடன் பயிற்சியும் அளித்தது. மனநல வைத்திய நிபுணர் பேராசிரியர் தயா சோமசுந்தரமும் அவருடன் பணியாற்றியோரும் ஆசிரியர்களையும் கிராமப் பணியாளர்களையும் பயிற்றுவித்தனர். யுத்தத்தின் காயம் தனிமனிதரை மட்டுமன்றிக் குடும்பத்தையும் ஊரையும் தாக்குகிறது என்பதை அவர் தொடர்ந்து எழுதி வந்தார். 1993இல் 'மனவடு' என்னும் நூல் தமிழில் வந்தது. எங்கள் ரீச்சர் போன்றோர் அந்தப் பாரம்பரியத்தில் வளர்ந்தவர்கள்.

பின்னர் 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை வந்தது. உளவளத்துணை என்னும் சொல் திடீரென எங்கும் கேட்டது. சில நாள் பயிற்சியுடன் பலர் களத்தில் இறக்கப்பட்டனர். நிறுவனங்கள் வந்தன, கதைகளைக் கேட்டன, போயின. இவ்வாறான அனுபவங்கள் பல நாடுகளிலும் இருந்ததனால், ஐக்கிய நாடுகளின் அமைப்புகளும் தொண்டு நிறுவனங்களும் சேர்ந்து 2007இல் வழிகாட்டி நெறிகளை வெளியிட்டன. சிக்கலான உளவியல் பணிக்கு ஆட்களை ஆயத்தம் செய்யும்போது, தொடர் மேற்பார்வை இல்லாத ஒருமுறைப் பயிற்சியுடன் நிறுத்திவிடக் கூடாது என்று அதில் தெளிவாகக் கூறப்பட்டுள்ளது. பணியாளர்களின் மனநலத்தைப் பேணுவதும் நிறுவனத்தின் பொறுப்பு என்கிறது அது.

முறையான பயிற்சி இருந்தால் எம்மவரால் எவ்வளவு செய்ய முடியும் என்பதற்கும் சான்று உண்டு. ஆழிப்பேரலையின் பின்னர் வடகிழக்கில் முகாமொன்றில் இருந்த 31 பிள்ளைகளுக்கு, பயிற்றப்பட்ட உள்ளூர் ஆலோசகர்கள் ஆறு அமர்வுகள் நடத்தினர். ஒரு பகுதிப் பிள்ளைகள் தமது வாழ்க்கைக் கதையை ஒழுங்காகச் சொல்லி முடித்தனர். மற்றப் பகுதியினர் தியானமும் தளர்வுப் பயிற்சியும் செய்தனர். ஆறு மாதத்தின் பின்னர் இரு பகுதியிலும் பெரும்பாலான பிள்ளைகள் தேறியிருந்தனர். 2009இல் இந்த ஆய்வு வெளியானது.

தூரத்து நாடொன்றின் செய்தியும் எமக்குப் பயனுள்ளது. சிம்பாப்வேயின் ஹராரே நகரில் 2006இல் டொக்டர் டிக்சன் சிபண்டா 14 பாட்டிமாரைப் பயிற்றுவித்தார். சுகாதார நிலைய முற்றத்தில் ஒரு மர வாங்கு. அதில் பாட்டி அமர்ந்திருப்பார், மனக்கவலை உள்ளோர் வந்து பேசுவர். அங்குள்ள பெண்கள் தமது நோயை "கூடுதலாக யோசித்தல்" என்று தமது மொழியில் சொல்வார்கள். "ஒரே யோசனை மிஸ்" என்று எமது பெண்கள் சொல்வதும் அதுவே அல்லவா? 573 பேரைக் கொண்டு நடத்தி 2016இல் வெளியிட்ட ஆய்வு, பாட்டிமாரிடம் பேசியவர்கள் மேம்படுத்தப்பட்ட வழமையான சிகிச்சை பெற்றவர்களிலும் நன்கு தேறினர் எனக் காட்டியது. அந்தப் பாட்டிமாரில் எவரும் கலாநிதிகள் அல்லர். ஆனால் பயிற்றப்பட்ட மேற்பார்வையாளர் அவர்களுக்குப் பின்னால் இருந்தனர்.

இதிலிருந்து ஒன்று தெளிவாகிறது. ஒவ்வொரு கிராமத்துக்கும் ஒரு கலாநிதி தேவையில்லை. கேட்கும் ஒவ்வொருவருக்கும் பின்னால் ஒருவர் தேவை. அந்த ஒருவரை உருவாக்கும் கல்வி எங்காவது ஒழுங்காக நடக்கவும் வேண்டும். அது எமது மொழியில், எமது துயரத்தை அறிந்தவர்களால் நடந்தால் இன்னும் நன்று.

சகோதரிகளே, நீங்கள் கேட்கலாம்

உங்கள் வீட்டுக்குப் படிவத்துடன் வரும் எவருக்கும் உங்கள் கதையைச் சொல்லியாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. சொல்வதற்கு முன்னர் சிலவற்றைக் கேட்பது உங்கள் உரிமை. அதனை மரியாதைக் குறைவாக எண்ண வேண்டாம்.

"மிஸ், நீங்க இதுக்கு எவ்வளவு காலம் படிச்சீங்க?"

"நான் சொல்றத யாருக்குச் சொல்லுவீங்க? எழுதி வைப்பீங்களா?"

"உங்களுக்கு மேல வழிகாட்ட யாரும் இருக்கிறாங்களா?"

"இன்னும் எத்தனை தரம் வருவீங்க? நீங்க வராட்டி நான் யாரிட்டப் போகலாம்?"

நல்ல உளவளத்துணையாளர் இவற்றுக்குக் கோபிக்க மாட்டார். அழுகையை அவசரமாக நிறுத்துபவரையும், உங்கள் கதையை அடுத்த வீட்டில் பேசுபவரையும், முடிவுகளை உங்களுக்காகத் தாமே எடுப்பவரையும் விட்டு விலகலாம். பிரதேச செயலகத்தில் உளவளத்துணை உத்தியோகத்தர் இருக்கிறாரா என விசாரிக்கலாம். வைத்தியசாலையின் மனநலப் பிரிவை நாடலாம். மனம் மிகவும் தளர்ந்த வேளையில் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்தையும், வீட்டு வன்முறை போன்ற பிரச்சினைகளுக்குப் பெண்களுக்கான 1938 இலக்கத்தையும் அழைக்கலாம்.

மற்றொரு வார்த்தை, உங்கள் பெண் பிள்ளைகளுக்காக. முகாமிலும் குடியிருப்பிலும் வளர்ந்த பிள்ளைகளிடம் பட்டறிவு நிறைய உண்டு. உயர்தரம் முடித்த பின்னர் உளவியல், சமூகவியல், சமூகப்பணி போன்ற பட்டப்படிப்புகளுக்குச் செல்லலாம். தேசிய சமூக அபிவிருத்தி நிறுவகம் உளவளத்துணையில் டிப்ளோமா கற்பிக்கிறது. முதுமாணியும் கலாநிதியும் அதன் பின்னர் வரும் படிகள். ஆங்கில அறிவும் பண வசதியும் தடையாக இருப்பதை நான் அறிவேன். ஆயினும் எமது பிள்ளைகளில் ஒருத்தி அந்தப் படிகளில் ஏறினால், நாளை நூறு பணியாளர்களுக்கு அவள் பின்னால் நிற்பாள். அந்த நூறு பேரும் என்னைப் போல் ஓர் உம்மாவின் கதவைச் சாத்திவிட மாட்டார்கள்.

அந்த உம்மா இப்போது தமது குடியிருப்பில் பெண்கள் குழுவொன்றில் இருக்கிறார். புதிதாகத் துயருற்ற பெண்கள் அவரிடம் வந்து பேசுகிறார்கள். கடைசியாகச் சந்தித்தபோது, "மகள், நேத்து ஒரு புள்ள வந்து அழுதிச்சு. கேட்டுட்டு எனக்கும் ராவு நித்திரயில்ல" என்றார்.

நான் கைப்பையைக் கீழே வைத்துவிட்டு, அவர் அருகில் அமர்ந்தேன்.

"சொல்லுங்க உம்மா" என்றேன்.